பழைய சீட்டுகள்

சீட்டாட்டம் என்றதும் பெரியோர் முகம் சுளிக்க வேண்டாம். 'ஹார்த்ஸ்டோன்' பணயமில்லாத கைபேசி விளையாட்டு. 2020 ஊரடங்கில் விழுப்புரத்தில் ஒருத்தி, திண்டிவனத்தில் ஒருத்தி என அக்கா தங்கையரான நாங்கள் அதை ஆடினோம். கிறிஸ்துமஸ் காசில் சீட்டுகளும் வாங்கினோம்.

இந்தக் கோடை விடுமுறையில் மீண்டும் திறந்தோம். சீட்டுகள் அப்படியே இருந்தன. ஆனால் 2016 முதல் உள்ள விதிப்படி, பழைய தொகுதிகள் 'ஸ்டாண்டர்டு' ஆட்டத்தில் செல்லா. 'வைல்டு' ஆட்டத்தில் செல்லும். பிறருக்குக் கொடுக்கவும் வழியில்லை.

அப்படியானால் நிலைப்பது எது? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இது காட்சிப் போட்டியாக நடந்தது. குஜராத்தின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அன்றைய சீட்டுகள் பழசாகிவிட்டன. அவருடைய சிந்தனைத் திறன் பழசாகுமா?

ஆகவே அளவோடு ஆடுவோம். காசைச் சேமித்து, கருத்தைச் செலவிடுவோம்!