பார்சிலோனா கிளப்பை ஆரம்பிச்சது யாரு? உள்ளூர்ப் பெருமைக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டு இளைஞர்!

பார்சிலோனா அணி என்றாலே கேட்டலோனியா மக்களின் அடையாளம், அவர்களின் மொழி, அவர்களின் கொடி. ரசிகர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். தப்பில்லை. ஆனா, இந்த கிளப்புக்கு விதை போட்டவர் கேட்டலோனியாவில் பிறந்தவரே இல்லை.

பேரே தப்பா வந்த விளம்பரம்

1899 அக்டோபர் 22. 'லாஸ் டெபோர்டெஸ்' என்ற விளையாட்டு இதழில் ஒரு சின்ன அறிவிப்பு: ஃபுட்பால் ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம். கொடுத்தவர் ஹான்ஸ் காம்பர், சுவிட்சர்லாந்து இளைஞர், வயது 21. அவர் பெயரை 'கான்ஸ் காம்பர்' என்று தப்பாக அச்சடித்திருந்தார்கள். அந்த அளவுக்கு ஊருக்குப் புதுசு!

நவம்பர் 29 அன்று சோலே உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியவர்களில் சுவிஸ்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஜெர்மானியர்கள், உள்ளூர் கேட்டலான்கள் என எல்லாரும் இருந்தார்கள். முதல் தலைவர் வால்டர் வைல்டும் வெளிநாட்டவர்தான்.

எதிர்ப்பு வரலையா?

வந்தது. மறு ஆண்டே அதே நகரத்தில் இன்னொரு கிளப் பிறந்தது. 'வெளிநாட்டுக்காரங்க கிளப் வேண்டாம், ஸ்பெயின்காரர்களுக்கு ஒன்று வேண்டும்' என்பதே நோக்கம். இன்றைய எஸ்பான்யோல் அதுதான். ஃபுட்பால் பெரும்பாலும் வெளிநாட்டவர் கையில் இருந்த காலத்தில், அந்த ஆதங்கமும் புரிந்துகொள்ளக்கூடியதே.

நெருக்கடியில் நின்றவர்

1908-ல் பார்சிலோனாவில் மிஞ்சியது வெறும் 38 உறுப்பினர்கள். கிளப்பையே மூடிவிடலாம் என்ற நிலை. அப்போது தலைவர் பொறுப்பை ஏற்று, உறுப்பினர்களைத் திரட்டியவர் காம்பர். அடுத்த ஆண்டே கிளப்புக்குச் சொந்த மைதானம் கிடைத்தது. கேட்டலான் மொழியைக் கற்றார், ஹான்ஸ் என்ற பெயரையும் ஜோன் என்று மாற்றிக்கொண்டார்.

1925-ல் மைதானத்தில் ஸ்பெயின் அரச கீதம் ஒலித்தபோது கூட்டம் விசிலடித்து எதிர்ப்பைக் காட்டியது. பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார அரசு மைதானத்தை ஆறு மாதம் மூட உத்தரவிட்டது. தலைவராக இருந்த காம்பர் பதவியையும் நாட்டையும் விட்டுப் போக வேண்டியதாயிற்று. கேட்டலான்களின் கோபத்துக்காக விலை கொடுத்தவரும் அந்த 'வெளியாள்'தான்.

சரி, இதில் நமக்கு என்ன?

'மொழி கத்துக்கிட்டார், பேரை மாத்திக்கிட்டார், அதனால ஏத்துக்கிட்டாங்க' என்று சிலர் சொல்லலாம். அது பாதி உண்மை. விளம்பரத்தைப் பார்த்து வந்த உள்ளூர்க்காரர்கள், அவர் கேட்டலான் ஆகும்வரை காத்திருக்கவில்லை. முதல் நாளே ஒன்றாக உட்கார்ந்தார்கள். நம்பிக்கை முதலில் வந்தது, அடையாளம் பிறகு வளர்ந்தது.

'இவன் எந்த ஊர்க்காரன்?' என்று கேட்பது சுலபம். 38 பேர் மட்டும் மிஞ்சிய நாளில் யார் கூட நின்றார் என்று கேட்டால்தான் உண்மையான சொந்தக்காரர் தெரிவார். இன்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ள கிளப்பின் வரலாறு சொல்வது இதைத்தான்.