குறைந்தது யாருடைய ஆற்றல்?

ஊனமுற்றோருக்குக் கொடுத்துவரும் உதவிப் பணத்தில் கைவைப்பதென்பது பணக்கார நாட்டுச் சர்க்கார்களுக்கு இப்போது ஒரு வழக்கமாகி வருகின்றது. பிரிட்டனில் 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்குமான உதவியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 500 கோடி பவுன் மிச்சம் பிடிக்கப் போவதாகத் தொழிற்கட்சி மந்திரிகள் அறிவித்தார்கள். தொழிலாளியின் பேரைச் சொல்லிப் பதவிக்கு வந்த கட்சி இது! ஊனமுற்றோர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்ததன் மேலும், அக்கட்சியின் சட்டசபை அங்கத்தினர்களிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் எதிர்த்து நின்றதன் மேலும், ஜூலை முதல் தேதியில் அத்திட்டத்தின் பெரும்பகுதியை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஆயினும் ஒன்று மட்டும் சட்டமாகிவிட்டது. புதிதாய் விண்ணப்பிப்போரில் பெரும்பாலோருக்கு, நோயின் பொருட்டுக் கொடுக்கும் உபரித் தொகை வாரம் 97 பவுனிலிருந்து 50 பவுனாக, 2026 ஏப்ரல் முதல் குறையும் என்பதே அது.

இதில் ஒரு பாடமுண்டு. கூடி நின்றவர்களின் பணம் தப்பிற்று. கூட்டத்தில் இல்லாதவன், அதாவது நாளைக்கு ஊனமாகப் போகிறவன் தலையில் வெட்டு விழுந்தது. எந்தச் சர்க்காரும் முதலில் வெட்டுவது, பக்கத்தில் ஆளில்லாதவனுடைய பங்கைத்தான்.

நிற்க. இலண்டன் சங்கதி ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். நம் நாட்டில் உதவிப் பணம் குறைக்கப்படவில்லையே, கூட்டப்பட்டிருக்கிறதே என்றும் சொல்லக் கூடும். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், வேலை செய்யும் ஊனமுற்றோருக்கு மாதம் 450 வெள்ளி, வேலை செய்ய இயலாதோருக்கு 300 வெள்ளி, படுக்கையில் கிடப்போரைப் பேணுவோருக்கு 500 வெள்ளி என்று உயர்த்தியது மெய்தான். உயர்த்தியதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு குடும்பம் வறுமைக் கோட்டுக்கு மேல் நிற்பதற்கு மாதம் 2,208 வெள்ளி வேண்டுமென்று 2020இல் கணக்கிட்டுச் சொன்னதும் இதே சர்க்கார்தான். 2,208 எங்கே, 300 எங்கே? மேலும், இந்தப் பணம் சட்டத்தில் எழுதிவைத்த உரிமையன்று. ஆண்டுதோறும் மந்திரியின் பேச்சிலிருந்து பிறக்கும் தயவு. விலைவாசி ஏறினால் உதவியும் உடன் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே குறைப்பு உத்தரவு என்று ஒன்று போடாமலே அரிசிக் கடைக்காரனும் பஸ் கட்டணமும் அவ்வேலையைச் செய்துவிடுவார்கள். வேலை செய்வோருக்கான உதவியோ, சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அதோடு நின்றுவிடும். உழைத்து முன்னேறினால் உதவி போய்விடும். முன்னேறாமலிருந்தால் சோம்பேறி என்ற பேர் வரும். இதற்குத்தான் பொதுநலம் என்று பேர்.

உரிமைக்கு ஒரு சட்டமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 685ஆம் சட்டம் அது. அச்சட்டம் இயற்றப்பட்ட வடிவில் பொதுக் கட்டிடங்களுக்கும் வண்டிகளுக்கும் கல்விக்கும் வேலைக்கும் ஊனமுற்றோர்க்கு உரிமை உண்டென்று அழகாகப் பேசுகிறது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவனுக்கு ஒரு தண்டனையும் சொல்லவில்லை. அதற்கு மேல், நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் சர்க்கார் மேல் வழக்காட முடியாதென்று 42ஆம் பிரிவில் வேலியும் போட்டுவிட்டது. பல்லைப் பிடுங்கிய பின் பாம்பைப் படமெடுக்கச் சொல்லும் வித்தைக்கு ஒப்பானது இது. நாட்டின் மூலச் சட்டமாகிய அரசியல் நிர்ணயத்தின் 8ஆம் விதியோ, மதம், இனம், வமிசம், பிறந்த இடம் ஆகியவற்றால் குடிகளுக்குள் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. பெண்கள் போராடியதன் பயனாக 2001இல் ‘பால்’ என்னும் சொல் அதில் சேர்ந்தது. அன்றைக்கும் ‘ஊனம்’ என்னும் சொல் சேரவில்லை. கதவு ஒரு முறை திறந்தது; ஒருத்தி உள்ளே போனாள்; பின்னால் தடியூன்றி நின்றவன் வெளியிலேயே நின்றான். ஏன்? அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க அன்று ஆளில்லை.

இனி நம்முடைய சொந்தக் கதைக்கு வருவோம். தோட்டத் தமிழனுக்கு ஊனம் புதிதன்று. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். இந்தியத் தொழிலாளி உழைத்த நாட்களைக் கணக்கிட்டு முதலாளிகளிடம் வசூலித்த வரி அது. ஆள் கொண்டுவருவதற்கும், உழைத்து ஓய்ந்தவனையும் கைகால் விழுந்தவனையும் கப்பலேற்றி அனுப்புவதற்கும், போக்கிடமற்றவர்களை விடுதியில் வைப்பதற்கும் அப்பணம் செலவாயிற்று. அந்நாளைய ஏடுகளில் இவர்களுக்கு வழங்கிய பேர் ‘தளர்ந்துபோனவர்’ என்பது. மரத்தில் பால் வற்றினால் மரத்தை வெட்டுவது, மனிதனில் பலம் வற்றினால் நாகப்பட்டினத்துக்கு அனுப்புவது என்ற ஒரே நியாயம்தான் இரண்டுக்கும். 1930ஆம் ஆண்டு தொடங்கிய விலை வீழ்ச்சியில் லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர் அவ்விதம் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பேர் மாறிற்று; 1999இல் சட்டத்தின் மூலம் கலைக்கப்பட்டது. நம் பாட்டன்மாரின் வேர்வையால் பெருகிய நிதியொன்று மறைந்த நாளில், தோட்டத்து லயங்களும் ஒவ்வொன்றாய்க் கலைந்துகொண்டிருந்தன. எத்தனை பேர் கேட்டோம்? எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியும்?

ஆனால் நாம் கேளாதிருந்த இன்னொன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட சொக்சோ, வேலையில் கை போனவனுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் ஏற்பாடு. 1993 ஏப்ரலில் அயல்நாட்டுத் தொழிலாளிகளை அதிலிருந்து வெளியேற்றினார்கள். அதன் பின் 2018 முடிய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், ஒரே செம்பனைக் காட்டில் ஒரே குலை இரண்டு பேர் மேல் விழுந்தால், ஒருவனுக்கு ஆயுள் வரை மாதப் பணம். மற்றவனுக்கு ஒரே தடவையில் ஒரு தொகையும் ஊருக்கு ஒரு டிக்கட்டும். விபத்து ஈட்டில் உள்நாட்டான் வெளிநாட்டான் என்ற வேற்றுமை கூடாதென்னும் 1925ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் உடன்படிக்கைக்கு இது விரோதம் என்று ஜெனீவாவிலிருந்து பல முறை எடுத்துக் காட்டினார்கள். 2019 ஜனவரியில்தான் விபத்துப் பாதுகாப்பும், 2024 ஜூலையில்தான் செயலிழப்புப் பாதுகாப்பும் அவர்களுக்குத் திரும்பின.

அந்த இருபத்தைந்து ஆண்டும் நாம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? “பங்களாதேசி வந்துவிட்டான், நேப்பாளி வந்துவிட்டான், நம் சோற்றைப் பறித்துவிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பறித்தவன் அவன்தானா? சற்று யோசித்துப் பாருங்கள். யாருடைய கை போனால் முதலாளிக்குச் செலவு குறைவோ, அந்தக் கையைத்தானே அவன் வேலைக்கு அமர்த்துவான்? அயலான் கையை மலிவாக்கிய சட்டம், நம் கையை வேண்டாத கையாக்கிய சட்டமுமாகும். அன்று அவனுக்குச் சம உரிமை கேட்டிருந்தால், அது தர்மமாக மட்டும் இருந்திராது. நம்முடைய வேலைக்கு நாமே கட்டிக்கொண்ட வேலியாகவும் இருந்திருக்கும்.

இதை நாம் மேடையில் நின்று சொல்லவில்லை; கிராணி மேசையில் உட்கார்ந்து சொல்கின்றோம். செக்ரோலில் ஒரு பேரை அடிக்கக் கோடு ஒன்று போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், குலை வெட்டும் பங்களாதேச வாலிபன் ஒருவன் கைவிரல்கள் நசுங்கி வேலைக்கு உதவாதவனானான். மேலிடத்து உத்தரவு வந்தது. கோடு போட்டது நம் பேனா. ஆங்கிலம் படித்த நாம், அவனுக்குச் சேர வேண்டியது என்ன என்று சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தோமா? இல்லை. அதே வாரத்தில், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், நீரிழிவினால் ஒரு கால் இழந்தவர், சமூகநல இலாகாவின் பாரத்தை எழுதித் தரச் சொல்லி நம்மிடம் வந்தார். எழுதி முடித்ததும் எழுந்திருக்காமல் இருந்தார். என்ன வேண்டும் பெரியவரே என்றோம். “அந்த பங்களாப் பையனுக்கு யாரு பாரம் எழுதறது, கிராணியாரே?” என்று கேட்டார். அவனுக்குப் பாரமே கிடையாது என்றோம். “எங்கப்பனுக்கும் கிடையாதுன்னுதான் அப்ப இருந்த கிராணியும் சொன்னாரு” என்று சொல்லித் தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு நம்மிடம் அன்றும் பதிலில்லை, இன்றும் இல்லை. இக்கட்டுரை பதிலாகாது, கடனில் ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கப்பட்டவனோடு சேருவது நடக்கிற காரியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு இரண்டு சங்கதிகள் சொல்வோம். 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், ஊனமுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சர்க்கார் மாளிகையொன்றில் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்குச் சர்க்கார் விதிகள் பிறப்பிக்காமலே நாலு வருஷம் கடந்துவிட்டிருந்தது; மந்திரியைக் கையெழுத்திட வைப்பதே அவர்கள் நோக்கம். அவர்களுக்குச் சோறு போட்டது யார்? நீக்ரோ மக்களின் கருஞ்சிறுத்தைக் கட்சி! தங்கள் பகுதியிலிருந்து தினந்தோறும் சுடச்சுட உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் என்பவரும் சக்கர நாற்காலியில் உள்ளே இருந்தார். தொழிற்சங்கத்தாரும் மாதா கோயில்காரரும் துணை நின்றனர். ஏப்ரல் 28ஆம் தேதி மந்திரி கையெழுத்திட்டார். கறுப்பன் கொடுத்த சோறு இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்தும் இல்லை.

மற்றொன்று நம் வீட்டுக் கதை. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் தெனகனித்தா என்னும் இயக்கத்தின் மூலம் தோட்டங்களில் விஷ மருந்து தெளிக்கும் பெண்களின் கண்ணும் தோலும் மூச்சும் கெடுவதை உலகுக்குச் சொன்னவர். அப்பெண்களில் நம் தாய்மார் எத்தனை பேர்! அதே அம்மையார்தான் 1995இல், அயல்நாட்டுத் தொழிலாளிகள் தடுப்பு முகாம்களில் படும் பாட்டை எழுதி வெளியிட்டு, அதற்காக வழக்குக்கு இழுக்கப்பட்டு, 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பெற்று, 2008இல்தான் விடுதலையானார். தோட்டப் பெண்ணின் துயரமும் பங்களாதேசியின் துயரமும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பாரக்குவாட் என்னும் விஷ மருந்து 2002இல் தடுக்கப்பட்டு, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரியில்தான் முடிவாக ஒழிந்தது. ஒரு தலைமுறைப் பெண்களின் உடம்பு அதற்குள் கரைந்துபோயிற்று.

சர்க்காரையும் முதலாளியையும் மட்டும் சாடிவிட்டு நம்மவரை விட்டுவிடுவது யோக்கியமாகாது. ஊனத்தோடு குழந்தை பிறந்தால் முன்வினை என்கிறோம். அப்படியானால் துரை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வைத்தியனும் வண்டியும் எந்த வினையால் வந்தன? ஒருவரை வைது பேச வேண்டுமென்றால் “தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ” என்கிறோம். 1911இல் திறந்த அந்த மனநோய் ஆஸ்பத்திரி நம் பேராக்கில் இருப்பது, நாம் ஏளனம் செய்வதற்கா? தைப்பூசத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிறோம். கோயில் வாசற்படியருகே ஒரு சரிவுப் பாதை போட்டுச் சக்கர நாற்காலியை உள்ளே விடச் சொன்னால் நிதி இல்லை என்கிறோம். பேரை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறோம். நொண்டி என்பது அங்கவீனர் ஆயிற்று. அங்கவீனர் மாற்றுத்திறனாளி ஆயிற்று. மலாய் மொழியிலோ ஆற்றல் குறைந்தோர் என்று எழுதுகிறார்கள். நல்ல பேர் வேண்டியதுதான். ஆனால் படி இருந்த இடத்தில் படியே இருக்கப் பேர் மட்டும் மாறுவதால் யார் மாடியேற முடியும்? தீண்டப்படாதவனுக்கு இனிய பேர் சூட்டிவிட்டுக் கிணற்றை மூடிவைத்த கதைதான் இதுவும்.

ஆகவே நாம் வேண்டுவது யாதெனில்: உதவித் தொகை சட்டத்தில் எழுதிய உரிமையாக வேண்டும், விலைவாசியோடு ஏற வேண்டும். 685ஆம் சட்டத்துக்குப் பல் வேண்டும். 8ஆம் விதியில் ‘ஊனம்’ என்னும் சொல் ஏற வேண்டும். இந்த மண்ணிலே பிறந்தும் உழைத்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு நிற்கும் நம் கிழவர்களுக்கும், குடியுரிமைதான் சோற்றுக்குச் சீட்டு என்னும் விதி தளர வேண்டும். குத்தகைக்காரன் கையில் சந்தா கட்டப்படாமல் கிடக்கும் ஒவ்வொரு தொழிலாளியும், அவன் எந்நாட்டானாயினும், சொக்சோவில் ஏற வேண்டும். இவற்றைத் தமிழர் சங்கம் தனியாகவும், ஊனமுற்றோர் சங்கம் தனியாகவும், தொழிற்சங்கம் தனியாகவும் கேட்டால் மூன்று மனுக்களாக மூன்று கட்டுகளில் தூங்கும். ஒன்றாய்க் கேட்டால் தூங்காது.

கிராணிமார்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பாரம் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தப் படிப்பு யாருக்காவது ஒரு காலாகவோ ஒரு கையாகவோ நிற்காவிட்டால், ஆற்றல் குறைந்தோர் பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பேர் நம்முடையதே.