வாக்குச் சீட்டும் வாலிபரும்

இளைஞர் என்றாலே கூச்சலும் கல்லெறியுந்தான் என்று கருதுவோர் பலர் உளர். அன்னார் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டைச் சிறிது நோக்குவாராக!

2011 ஜனவரியில், மின்வெட்டால் அல்லலுற்ற டக்கார் நகரில், பாடகரும் பத்திரிகையாளருமாகச் சிலர் கூடி, 'பொறுத்தது போதும்' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் கண்டனர். அவ்வாண்டு ஜூன் 23-இல், நான்கில் ஒரு பங்கு வாக்குப் பெற்றாலே முதற்சுற்றில் குடியரசுத் தலைவராகலாம் என்று சட்டம் செய்ய முனைந்தார் அப்துலாயே வாத். மக்கள் தெருவில் திரண்டனர். அன்றே மசோதா கைவிடப்பட்டது.

அத்துடன் இளைஞர் ஓய்ந்தாரல்லர். ஊரூராகச் சென்று வாக்காளர் பட்டியலில் பெயர் பதியச் செய்தனர். 2012-இல் மூன்றாம் முறை ஆட்சி நாடிய வாத், மாக்கி சாலிடம் தோற்றார். அதே மாக்கி சால் 2024-இல் தேர்தலைத் தள்ளிவைத்தபோது, செல்லாதென்றது அரசியலமைப்பு மன்றம். தேர்தலுக்கு 10 நாள் முன்புவரை சிறையிருந்த பஸ்ஸிரு ஜொமாய் ஃபாய் வென்று, 44 வயதில் தலைவரானார்.

ஆளை மாற்றியதோடு கடமை முடிவதில்லை. அமர்ந்தவரையும் கண்காணிக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். முழக்கம் ஒரு நாளில் ஓயும். பட்டியலில் ஏறிய பெயரோ அடுத்த தேர்தலிலும் பேசும். 18 வயது நிரம்பியும் பெயர் பதியாதவர் நம் விடுதியில் எத்தனை பேர்? முதலில் அதை எண்ணுவோம், வாரீர்!