ரத்தம் ஊற போர்ட் ஒயினா? காசும் போச்சு, காலமும் போச்சு!

'விலை குறைச்சலா, நல்ல போர்ட் ஒயின் எதுன்னு சொல்லுங்களேன்...'

இப்படிக் கேட்பவர்கள் பலர் குடிப்பழக்கம் உள்ளவர்களே அல்ல. மதுக்கடை இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்காத குடும்பத்துக்காரர்கள்! மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கும். 'பிள்ளை பெத்த உடம்பு, ரத்தம் ஊறணும்னா ராத்திரி ரெண்டு மூடி ஒயின் கொடு' என்று ஒரு பெரியம்மா சொல்லியிருப்பார். அல்லது வயதான மாமனார் சோர்ந்து சோர்ந்து படுத்துக்கொள்வார், 'தெம்புக்கு ஒரு பாட்டில் வாங்கி வைங்க' என்று யோசனை வந்திருக்கும். இன்னும் சில வீடுகளில், கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு 'கலர் ஏறணுமாம்!'

கோவா டூர் போகிறவரிடமும், வெளிநாட்டிலிருந்து வருகிற தம்பியிடமும் சொல்லிவிட்டு வாங்குகிறோம். மாத பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் பரவாயில்லை, உடம்புக்கு நல்லதுதானே என்கிற நினைப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ட் ஒயின் ஒரு மது. மது என்று தெரிந்து வாங்குகிறவர் விலை, தரம் பார்த்து வாங்கட்டும், அது அவர் பாடு. ஆனால் மருந்து என்று நினைத்து வாங்கினால், கடையிலேயே மலிவான பாட்டிலும் உங்களுக்கு நஷ்டம்தான். அதிலும் பெரிய நஷ்டம் காசு இல்லை, காலம்! அது எப்படி என்று பார்ப்போம்.

போர்ட் எங்கே பிறந்தது?

போர்ச்சுகல் நாட்டின் வடக்கே டோரோ என்று ஒரு ஆறு. அதன் பள்ளத்தாக்கில் விளைகிற திராட்சையில் செய்வதுதான் அசல் போர்ட். எந்தெந்த நிலத்தில் விளைந்த திராட்சைக்கு அந்தப் பெயர் என்று 1756-லேயே அந்த நாட்டு அரசு எல்லை போட்டுவிட்டது. போர்ட்டோ என்ற துறைமுக ஊர் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர்.

சாதாரண ஒயினில் திராட்சைச் சாறு முழுக்கப் புளித்து, சர்க்கரையெல்லாம் ஆல்கஹாலாக மாறிவிடும். போர்ட்டில் அப்படி விடுவதில்லை. பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே, திராட்சையிலிருந்து வடித்த கடுமையான சாராயத்தைக் கொட்டுகிறார்கள். கிட்டத்தட்ட நாலு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு சாராயம். புளிப்பது அதோடு நின்றுவிடும். மிச்சமிருக்கிற சர்க்கரை அப்படியே தங்கும். அதனால்தான் போர்ட் தித்திக்கிறது. தித்திப்பதால் 'இது லேசான சரக்குப்பா' என்று தோன்றுகிறது. உண்மையில் ஆல்கஹால் அளவு 19 முதல் 22 சதவீதம். சாதாரண ஒயினைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு!

அப்படியானால் இதற்கு 'டானிக்' என்ற பெயர் எப்படி வந்தது? இங்கிலாந்துக்காரர்கள் உபயம். பிரான்ஸோடு சண்டை, அந்த நாட்டு ஒயின் சுலபமாகக் கிடைக்கவில்லை. 1703-ல் போர்ச்சுகலோடு ஒப்பந்தம் போட்டு, வரியைக் குறைத்து அந்த ஒயினை இறக்கினார்கள். இரும்பு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் இல்லாத காலம். நோயாளி எழுந்து உட்கார வேண்டும் என்றால் டாக்டர் கையில் என்ன இருந்தது? ஒரு கிளாஸ் போர்ட்! பிற்காலத்தில் பிரதமரான இளைய வில்லியம் பிட் சிறுவனாக நோயில் கிடந்தபோது, அவருடைய டாக்டர் அந்தோணி அடிங்டன் எழுதிக்கொடுத்த மருந்தே போர்ட் ஒயின்தான். பிட் பெரிய குடிகாரராக வளர்ந்தார். 1806-ல் இறந்தபோது வயது 46.

அந்த வைத்தியம் இங்கிலாந்திலேயே எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. நம்ம ஊரில் மட்டும் பெரியம்மாக்கள் வாயில் உயிரோடு இருக்கிறது.

நம் கடையில் இருப்பது என்ன?

கோவாவை 1961 வரை ஆண்டவர்கள் போர்ச்சுகீசியர்கள். அந்தத் தொடர்பில் கோவாவில் தித்திப்பான சிவப்பு ஒயினுக்குப் 'போர்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விலை குறைவாக நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இந்தியத் தயாரிப்புகள்தான். இதையெல்லாம் கலப்படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டோரோ பள்ளத்தாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

எதுவாக இருந்தாலும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் இருக்கும். டானிக் பாட்டிலில் எங்காவது இப்படி எழுதுவார்களா?

ஒரு கிளாஸ் கணக்கு

நாம் குடும்பஸ்தர்கள். மளிகைக்குப் போனாலும் கணக்குப் போட்டுத்தான் வாங்குவோம். இதற்கும் போடுவோம், வாருங்கள்.

அசல் போர்ட் 60 மில்லி, அதாவது ஒரு சின்ன கிளாஸ். அதில் சுத்த ஆல்கஹால் ஒன்பதரை கிராம். சர்க்கரை சுமார் 6 கிராம். இரும்புச்சத்து? ஒரு மில்லிகிராமில் கால் பங்குகூடத் தேறுவது சந்தேகம்.

சரி, முழு பாட்டில் 750 மில்லியும் உள்ளே போனால்? இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் இரும்பு. கூடவே ஏறக்குறைய 15 டீஸ்பூன் சர்க்கரை, நூறு கிராமுக்கு மேல் ஆல்கஹால்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இலவசமாகத் தருகிற மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். அதுவும் சிவப்பு நிறம்தான்! ஒரே மாத்திரைக்கு ஈடாக இருபது பாட்டில் ஒயினுக்கு மேல் வேண்டும். மாத்திரைக்குச் செலவு பூஜ்யம்.

மாத்திரை வேண்டாமா? நூறு கிராம் முருங்கைக்கீரையிலும், நூறு கிராம் கேழ்வரகிலும் தலா நாலரை மில்லிகிராம் போல இரும்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு முருங்கை மரம் ஒரு பாட்டில் போர்ட்டை ஜெயித்துவிடுகிறது.

'ஆனா குடிச்சா தெம்பா இருக்கே!'

இருக்கும், மறுக்கவில்லை. சர்க்கரை உடனே ரத்தத்தில் ஏறுகிறது. ஆல்கஹால் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உடம்பு கதகதவென்று இருக்கும், முகம் சிவக்கும், கண் சொக்கும். 'பாத்தியா, ரத்தம் ஊறுது!' என்கிறோம். ஊறவில்லை. இருக்கிற ரத்தம்தான் தோலுக்கு ஓடி வந்திருக்கிறது. 'கலர்' ஏறுகிற கதையும் இதேதான். ஒரு மணி நேரத்துச் சிவப்பு. பெண்ணின் நிறத்தை மாற்ற நினைக்கும் ஆசையே வேண்டாத ஆசை. அதற்காக அவளை மது குடிக்க வைப்பது அதைவிட மோசம்.

பிள்ளை பெற்றவள் குடித்தால் ரத்தத்தில் இருக்கிற அளவு ஆல்கஹால் தாய்ப்பாலிலும் இருக்கும். பால் இறங்குவதற்குத் தூண்டுகிற ஹார்மோனையும் அது மட்டுப்படுத்துகிறது. பால் ஊறும் என்று கொடுத்தால், நடப்பது நேர் எதிர். குழந்தைக்கே 'சளிக்கு ரெண்டு சொட்டு' தருகிற பழக்கமும் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு ஆல்கஹால் போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

வயதானவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை என்று ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய இருக்கும். இவற்றோடு ஒயின் சேர்ந்தால் தலைசுற்றலும் தடுமாற்றமும் வரும். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்தத் தெம்பு யாருக்கு வேண்டும்?

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு படிச்சோமே' என்பீர்கள். ஒரு காலத்தில் எழுதினார்கள்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லும்படி மதுவில் எந்த அளவும் இல்லை. புற்றுநோயை உண்டாக்குபவை என்ற பட்டியலில் மதுபானம் 1988-லேயே ஏறிவிட்டது. மார்பகப் புற்றுநோயும் அதில் சேர்த்தி.

உண்மையான நஷ்டம் எங்கே?

இப்போது காலம் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் ஒருவருக்காவது இருக்கக்கூடும்!

ரத்தம் குறைந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. மாதவிடாயில் அதிகப் போக்கு, மூலம், குடல்புழு, வயிற்றுப்புண், இல்லை பரம்பரையாக வரும் தலசீமியா. அறுபதைத் தாண்டியவருக்குத் திடீரென்று ரத்தம் குறைகிறது என்றால், குடலில் எங்கோ கசிகிறதா, புற்றுநோய் எதுவும் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இப்படிப்பட்டவருக்கு 'ஒரு மாசம் ஒயின் குடுத்துப் பார்ப்போம்' என்றால், அந்த ஒரு மாசம் நோய்க்கு நாம் கொடுக்கிற வாய்தா. ஒயின் அந்தக் கசிவை நிறுத்தாது, வயிற்றுப்புண்ணை அதிகமாக்கத்தான் செய்யும். முகத்தில் வந்த சிவப்பைப் பார்த்து நாமும் ஏமாந்து போவோம்.

அந்தக் காசை இப்படிச் செலவழியுங்கள்

* முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனை. பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. டாக்டரிடம் காரணம் கேளுங்கள்.

* இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு சாப்பிடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

* இரும்பு மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை சாப்பிடாத பெரியவருக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* கீரை, கேழ்வரகு, கம்பு, எள்ளு, பயறு வகைகள் தினமும் ஏதாவது ஒன்று. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சி, மீனில் இருக்கும் இரும்பு இன்னும் சுலபமாகச் சேரும். மண்ணீரலும் ஈரலும் நல்லவைதான். ஆனால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கட்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

* பிரசவமான பெண்ணுக்கு மாத்திரை 6 மாதம் தொடர வேண்டும். 'பத்தியம்' என்று கீரையையும் பழத்தையும் நிறுத்தி, ஒயினை மட்டும் அனுமதிக்கிற வீடுகளை என்னவென்று சொல்ல!

மதுவாகவே குடிப்பவர்களுக்கு...

'நாங்க மருந்துன்னு எல்லாம் ஏமாத்திக்கலை, எப்பவாவது ஒரு கிளாஸ், ருசிக்காக' என்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பர்ஸுக்கும் ரெண்டு வார்த்தை. 'விண்டேஜ்' என்று போட்ட பாட்டில்தான் எக்கச்சக்க விலை. திறந்தால் இரண்டு மூன்று நாளில் ருசி இறங்கிவிடும், கொஞ்சமாகக் குடிக்கிற வீட்டுக்குப் பாதி வீண். ஒரே வருடத்து அறுவடையை 4 முதல் 6 வருடம் வைத்திருந்து அடைக்கிற 'லேட் பாட்டில்டு விண்டேஜ்' அதன் சாயலைக் குறைந்த விலையில் தரும். 'ரூபி' அதைவிட மலிவு. பீப்பாயில் கிடந்து பழுப்பேறிய 'டானி' ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். அசல் போர்ட் என்றால் கழுத்தில் போர்ச்சுகல் அரசு நிறுவனத்தின் முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கினால், தீர்க்க வேண்டுமே என்று குடிப்பீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினசரி மாத்திரைக்காரர்கள், இதற்கு முன் குடிக்கு அடிமையாகி மீண்டவர்கள் ஆகியோருக்கு இந்தப் பத்தியே கிடையாது!

பெரியம்மா ஆசையோடு வாங்கி வந்து நீட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்த அன்பு அது. 'டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார் பெரியம்மா, அதோட இது ஆகாதாம். நீங்க முருங்கைக்கீரைப் பொரியல் பண்ணிக் கொடுங்க, உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்' என்று சொல்லுங்கள். பெரியம்மாவுக்கும் சந்தோஷம், உடம்புக்கும் ரத்தம்!