நான் படிக்கும் இரு மலைக் கதைகள்

லவ்டேல் மழையில் இப்பொழுது இரு நாவல்கள் எனக்குத் துணை. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நம் நீலகிரிப் படுகரின் கதை. குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டாண்டுக் கணக்கில் காலம் நகர்கிறது. சற்றே மெதுவாகத்தான்!

மற்றது, டாக்டர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’. மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தோட்டத்துக்குப் போகும் கருப்பனையும் வள்ளியையும் கடன், குளிர், மலேரியா, அடி எல்லாம் சூழ்கின்றன. படிக்கப் படிக்கத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

“இவ்வளவு துயரம் சிறுமியருக்கு வேண்டாம்” என்பார் சிலர். எனக்கு உடன்பாடில்லை. கொழுந்து பறிக்கும் அன்னையரின் மகள்கள் நம்மிடையே உண்டே! பள்ளி நூலகத்தில் இவ்விரண்டும் அருகருகே இருக்கட்டும்.

வள்ளி ஊர் திரும்புவாளா? இன்னும் பாதி நூல் மீதமிருக்கிறது.