முதலில் அடக்கம், பிறகு வழக்கு

1653 ஜனவரி 3. கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு கற்சிலுவையில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி ஆயிரக்கணக்கான சிரியன் கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்தார்கள். போர்ச்சுகீசியக் குருமாரின் அதிகாரத்துக்கு இனி அடங்குவதில்லை என்பதே அந்தச் சத்தியம். அத்தனை கைகளுக்கும் சிலுவை எட்டாது என்பதால்தான் கயிறு. கூட்டம் இழுத்ததில் சிலுவையே சாய்ந்துவிட்டதாம். அதனால் அந்தச் சத்தியத்துக்குக் ‘கூனன் குருசு’ என்று பெயர் நிலைத்தது. அந்த இடத்தில் இன்றும் ஒரு தேவாலயம் நிற்கிறது.

அன்று ஒரே கயிற்றைப் பிடித்தவர்களின் வழிவந்த சபை பின்னாளில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபைட் என்று இரண்டாகப் பிரிந்தது. 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சபையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் 1934ஆம் ஆண்டின் சபை விதிகளின்படியே நிர்வகிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேவாலயம் யாருக்கு என்ற கேள்வி அதோடு சட்டப்படி ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆனால் அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவையும் பாட்டியையும் புதைத்திருக்கும் மற்றத் தரப்புக் குடும்பம் தன் வீட்டுச் சாவை எங்கே கொண்டுபோகும்?

காயங்குளத்துக்கு அருகே கட்டச்சிறையில் இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. 2019 அக்டோபர் இறுதியில் 91 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். யாக்கோபைட் குடும்பம். கணவர் வீட்டார் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ய வழி கிடைக்கவில்லை. உடலைப் பெட்டியில் வைத்து வீட்டு வளாகத்திலேயே காத்திருந்தார்கள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 38 நாள். டிசம்பர் தொடக்கத்தில்தான் அவருக்கு மண் கிடைத்தது. இரு தரப்பு வழக்கில் பிணமே பிணையாகிவிட்டது. எந்தச் சபையின் எந்த உரிமையும் இந்த 38 நாளை நியாயப்படுத்தாது.

கேரள அரசு அசைந்து கொடுத்தது இதற்குப் பிறகுதான். 2020 ஜனவரியில் அவசரச் சட்டம், அடுத்து சட்டமன்றத்தில் முழுச் சட்டம். அதன் சாரம் எளிமையானது. மூதாதையர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் தானும் அடக்கம் பெற ஒவ்வொரு சபை உறுப்பினருக்கும் உரிமை உண்டு. தேவாலயத்தில் இறுதிச் சடங்கு வேண்டாம் என்றால், தாங்கள் விரும்பும் பாதிரியாரை வைத்து வேறிடத்தில் அதை முடித்துக்கொண்டு உடலை மட்டும் கல்லறைக்குக் கொண்டுவரலாம். தடுப்பவருக்குத் தண்டனை உண்டு. யார் நிர்வாகி, யார் பாதிரியார் என்ற சண்டையிலிருந்து குழியை மட்டும் சட்டம் தனியே பிரித்து எடுத்தது. நல்ல சட்டம். ஒரே குறை, அது இந்த இரண்டு சபையினருக்கு மட்டுமே.

மட்டாஞ்சேரித் தெருக்களில் நடப்பவருக்கு இந்தக் குறை உடனே உறைக்கும். கச்சி மேமன்கள், கொங்கணிகள், குஜராத்திகள், சமணர்கள், தாவூதி போராக்கள், தமிழ் வண்ணார்கள் என்று இத்தனை சமூகங்கள் தோளோடு தோள் உரசி வாழும் ஊர் இது. சாவு வந்தால் ஒவ்வொருவருக்கும் வேறு சுடுகாடு, வேறு இடுகாடு. அதன் வாசலில் அனுமதி தர வேறு ஆட்கள்.

போராக்களையே எடுத்துக்கொள்ளலாம். சமூகத்திலிருந்து விலக்கப்பட்டவருக்கு அவர்களின் இடுகாட்டில் இடமில்லை. ஊர்விலக்கைத் தடைசெய்து பம்பாய் மாகாணம் 1949இல் கொண்டுவந்த சட்டத்தை, மத உரிமையில் தலையிடுவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாதாக்கியது. ஐவர் அமர்வில் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா ஒருவர் மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவனின் நிலை தீண்டத்தகாதவனின் நிலையாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அறுபது ஆண்டு கழித்து, 2023இல், இந்தக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராயட்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுப்பிவைத்திருக்கிறது. சின்ஹா சொன்னதே சரி என்று அந்த அமர்வு சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தை நம்பிக் காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் உடல் 2025 ஜனவரி 7 முதல் பிணவறையில் கிடந்தது. சொந்த ஊரில் புதைக்க ஊரார் விடவில்லை. 27ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. உடல் இனியும் காத்திருக்கக் கூடாது என்று, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்ய உத்தரவாயிற்று. தகப்பனை அடக்கம் செய்ய நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை நடந்த மகனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கேரளத்தில் இதைவிடச் சத்தமில்லாத கொடுமை ஒன்றும் உண்டு. இந்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டு வளாகத்திலேயே தகனம் செய்வது அங்கே வழக்கம். வளாகமே இல்லாதவர் என்ன செய்வார்? நிலமற்ற தலித் குடும்பங்கள் சமையலறைத் தரையைப் பெயர்த்து இறந்தவரைப் புதைத்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அடுப்பு எரியும் இடத்துக்கடியில் பெற்றவர்கள். படிப்பறிவுக்கும் மருத்துவத்துக்கும் பேர்போன மாநிலம் இதற்காக வெட்கப்பட வேண்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, குடும்பங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய. பணம் கட்டிக் ‘குடும்பக் கல்லறை’ வாங்கியவர்களில் பலர் அந்த மண் தங்களுக்குச் சொந்தம் என்று நம்புகிறார்கள். பொதுவாக அது பட்டா அல்ல. அங்கே அடக்கம் பெறவும் கல் நாட்டவும் கிடைக்கும் உரிமைதான், நிலம் தேவாலயத்துடையது. அந்த உரிமை எத்தனை ஆண்டுக்கு? கட்டிக்கொடுத்த மகளுக்கு அதில் இடமுண்டா? வேறு பங்குக்குக் குடிபெயர்ந்த மகனுக்கு? ஒருமுறை திறந்த கல்லறையை மறுபடி எப்போது திறக்கலாம்? பங்கு அலுவலகத்தில் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சாவு வீட்டில் கேட்டால் நிதானமான பதில் வராது.

பொதுக்குழியைத் தேர்ந்தெடுப்பவர் வேறொன்றை அறிந்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்ததும் எலும்புகளை அள்ளி அஸ்திக்குழியில் சேர்த்துவிட்டு, அதே இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது கேரளத் தேவாலயங்களில் பழைய ஏற்பாடு. அதில் அவமரியாதை ஏதுமில்லை. 1524இல் கொச்சியில் இறந்து, புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்ட வாஸ்கோ ட காமாவின் எலும்புகளையே பதினைந்து ஆண்டுக்குள் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மண்ணும் பேசும். கடலோரத்து உப்பு மணலில் மரப்பெட்டி சீக்கிரம் மக்குவதில்லை. அதனால் கொச்சிக்குத் தெற்கே அர்த்துங்கலில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயம் 2022இல் பெட்டியை விட்டுத் துணியில் சுற்றி அடக்கம் செய்யும் முறைக்கு மாறியது. ஆலப்புழையில் சற்றுத் தோண்டினாலே குழியில் தண்ணீர் ஊறிவிடும். கொரோனாவில் இறந்தவர்களுக்கு ஆழக்குழி வெட்ட முடியாமல், 2020 ஜூலையில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் தேவாலய வளாகத்திலேயே தகனம் செய்து சாம்பலைக் கல்லறையில் அடக்கம் செய்தது. தகனத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே இசைந்துவிட்டது. சாம்பலைத் தூவவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது என்பதுதான் 2016இல் வத்திக்கான் வகுத்த நிபந்தனை. இடநெருக்கடி மிகுந்த ஊர்களுக்கு இது நல்ல வழி.

நிரந்தரக் கல்லறை கேட்பவர், அதை நிரந்தரமாகக் காக்க யார் இருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சியின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 104 கல்லறைகள். கடைசி அடக்கம் 1913இல். டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், சி.எஸ்.ஐ. தேவாலயம் அதைப் பொறுப்பேற்றுக் காக்கிறது. மட்டாஞ்சேரி யூதர்களுக்கு அப்படி ஒரு வாரிசு வேண்டும். 2019இல் 96 வயதில் சாரா கோகன் போனார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவாவும் போனார். யூதர் தெருவில் அந்தச் சமூகம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கல்லறையைக் கலைக்கக் கூடாது என்பது அவர்களின் நெறி. அதைக் காப்பது இனி அரசின் கடமை.

தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கொச்சியிலேயே சாட்சி இருக்கிறது. மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21 அன்று காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதே அவர் விருப்பம் என்றார் மகன். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு மகள் நீதிமன்றம் போனார். கேரள உடற்கூறியல் சட்டப்படி எழுத்து வேண்டும், இல்லையேல் இரண்டு சாட்சிகள் முன் சொன்ன வாய்மொழி வேண்டும். சாட்சிகளின் வார்த்தையை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளும்வரை, ஏறக்குறைய நான்கு மாதம், வழக்கு ஓடியது. கையெழுத்திட்ட ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் பிள்ளைகள் அன்றே அழுது முடித்திருப்பார்கள்.

2020ஆம் ஆண்டுச் சட்டத்தை விரிக்கக் கேரள அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டு சபைகளின் பெயரை எடுத்துவிட்டு எல்லா மதத்தினரின் இடுகாடுகளுக்கும் அதைப் பொருத்தலாம். தகராறு என்றால் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆட்சியர் அடக்கத்துக்கு உத்தரவிட வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். இடமே இல்லாதவருக்கு ஊராட்சி, நகராட்சி தோறும் பொது மயானம் தரலாம். யாருடைய தேவாலயம், யார் விலக்கப்பட்டவர் என்ற வழக்குகள் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நடக்கட்டும்.