மூச்சு வாங்கினால் சளிதானா?

என் பெரிய அண்ணனுக்கு வயது 72. இருபது வருஷமாகச் சர்க்கரை. போன மார்கழியில், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். இரண்டு தலையணை வைத்துப் பார்த்தார், பிறகு மூன்று. கடைசியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். பனிக்காலத்துச் சளி என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அண்ணி கஷாயம் போட்டுக் கொடுத்தார். கால் வீங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க நீர். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் மிக அதிகம். பழுதாகியிருந்தது சிறுநீரகம்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. அந்த நீர் முதலில் காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் கசியும். படுத்தால் மூச்சு முட்டுவதும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பதும் அதனால்தான். ரத்தத்தில் அமிலம் கூடினாலும் மூச்சு வேகமாகும். சிறுநீரகம் கெட்டால் ரத்தசோகையும் வரும், அதிலும் இளைக்கும். இதே அறிகுறிகள் இதயக் கோளாறிலும் வரும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

இதனால்தான் சொல்கிறேன். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினினும், சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குச் சர்க்கரை அளவைக் கேட்கத் தெரிகிறது, இதைக் கேட்கத் தோன்றுவதில்லை. ஆரம்பத்தில் சிறுநீரகம் வலித்துக் காட்டாது.

இன்னொன்று. “கிட்னிக்கு நல்லது, நிறையத் தண்ணீர் குடி” என்று எல்லோருக்கும் உபதேசம் செய்கிறோம். கல் உள்ளவருக்கு அது சரி. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதுவே மூச்சை அடைக்கும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது வாரம் இரண்டு டயாலிசிஸ். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நிறுத்தியாயிற்று. தினமும் காலையில் எடை பார்க்கிறார். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதையல்ல, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் வீட்டில் யாராவது உட்கார்ந்துகொண்டே தூங்கினால், கஷாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.